ஹெராயின் பழக்கத்தைச் சமூகம் எப்படிக் கையாள வேண்டும்? விவாதத்துக்குள் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஹெராயினுக்கு அடிமையான ஒருவரை என்ன செய்வது? இந்தக் கேள்வி எழுந்ததுமே பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. பிடித்து உள்ளே போடு என்கிறது ஒரு கட்சி. அவர் நோயாளி, தொந்தரவு செய்யாதே என்கிறது மற்றது. இரண்டு பக்கமும் கோபமாகத்தான் பேசுகிறார்கள். இரண்டு பக்கத்திலும் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் இருக்கிறார்கள், அதனால் அந்தக் கோபத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த விவாதத்தில் பெரும்பகுதி வீணாகப் போகிறது. ஹெராயின் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமலே சட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். எனவே உடம்பிலிருந்தே தொடங்கலாம்.

அபினிச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலிலிருந்து கிடைப்பது அபின். அபினிலிருந்து பிரித்தெடுப்பது மார்ஃபின். மார்ஃபினை வேதியியல் முறையில் கொஞ்சம் மாற்றினால் ஹெராயின். 1874இல் லண்டனில் ஆல்டர் ரைட் என்ற வேதியியலாளர் இதை முதன்முதலாகத் தயாரித்தார். 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் இதை இருமல் மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இருமலை அடக்கும் அந்தக் குணத்துக்குப் பக்கத்திலேயே மூச்சை அடக்கும் குணமும் இருக்கிறது. ஆளைக் கொல்வது அதுதான்.

வலியைத் தணிக்க நம் உடம்பே எண்டார்ஃபின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது வந்து உட்கார மூளையில் ஏற்பிகள் உண்டு. அவற்றை நாற்காலிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெராயின் உள்ளே போனதும் கூட்டமாக வந்து அந்த நாற்காலிகளைப் பிடித்துக்கொள்கிறது. வலி போகிறது, பயம் போகிறது, மனசுக்குள் ஒரு கதகதப்பு பரவுகிறது. அதே நாற்காலிகள் மூச்சை இயக்கும் மூளைத்தண்டிலும் இருக்கின்றன. அளவு மிஞ்சினால் வலியோடு சேர்ந்து மூச்சும் அடங்குகிறது. முதலில் ஆழமான குறட்டை போல ஒரு சத்தம் வரும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் நன்றாகத் தூங்குகிறார் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அந்தக் குறட்டையும் நின்றுபோகும்போது காலம் கடந்திருக்கும்.

தினமும் எடுக்க எடுக்க உடம்பு இதற்குப் பழகிவிடுகிறது. நேற்று போதுமாக இருந்த அளவு இன்று போதாது. இதைத் தாங்குதிறன் என்பார்கள். அப்புறம், நிறுத்தினால் உடம்பு எதிர்த்துக் கிளம்புகிறது. கடைசியாக எடுத்ததிலிருந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை. பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடைகிற வலி, கண்ணை மூட முடியாத இரவுகள். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் பெரும்பாலும் தணியும். சில வருடங்கள் பழக்கத்தில் இருப்பவரிடம் ‘இதில் என்னதான் சுகம்?’ என்று கேட்டால் பதில் சொல்லத் தடுமாறுவார். சுகமெல்லாம் எப்போதோ போய்விட்டிருக்கும். காலையில் எழுந்து சாதாரண மனிதனாக நடமாடுவதற்கே அது தேவைப்படும்.

சரி, அப்படியானால் அந்த ஒரு வாரத்தை எப்படியாவது தாண்ட வைத்துவிட்டால் போதாதா? குடும்பங்களும் நீதிமன்றங்களும் சில மறுவாழ்வு மையங்களும் நம்பியிருப்பது இதைத்தான். ஒரு அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வது, தெளிந்ததும் புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்புவது. அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் இந்த விஷயத்தில் நல்லெண்ணத்தோடு செய்யப்படுகிறவற்றில் இதைவிட ஆபத்தானது வேறு இல்லை என்பேன்.

காரணம் தாங்குதிறனிலேயே இருக்கிறது. அது மெல்ல ஏறுகிறது, ஆனால் சில வாரங்களில் இறங்கிவிடுகிறது. ஆசை அவ்வளவு சீக்கிரம் இறங்குவதில்லை. ஒரு மாதம் கழித்து வெளியே வருகிறவருக்கு மனசில் இருப்பது பழைய அளவு, உடம்பில் இருப்பது புதியவரின் தாங்குதிறன். பழைய நண்பரைப் பார்க்கிறார், பழைய அளவையே எடுக்கிறார். மூச்சு நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையான முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் போதைப்பொருள் மிகை அளவால் சாகும் ஆபத்து, அந்த மாநிலத்தின் மற்ற மக்களைவிட 129 மடங்கு இருந்தது.

இதைக் கேட்ட பிறகு ‘உள்ளே போட்டால் திருந்திவிடுவான்’ என்ற பேச்சை என்னால் வெறும் கருத்தாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. வெளியே வரும் நாளுக்கு மருந்தோ துணையோ ஏற்பாடு செய்யாத எந்தச் சிறையும், எந்த மறுவாழ்வு மையமும் ஒருவரை அவருடைய வாழ்நாளிலேயே மிக ஆபத்தான இரண்டு வாரங்களுக்குள் தள்ளிவிடுகிறது.

எல்லோருக்குமே மருந்து வேண்டும் என்பதில்லை. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயின் போன்ற பொருட்களுக்கு அடிமையாகியிருந்தார். ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970களில் தேடிப் பிடித்துப் பேசினார். அங்கே அடிமையாகியிருந்தவர்களில், திரும்பிய முதல் ஆண்டில் மறுபடியும் அந்த நிலைக்குப் போனவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருந்தார்கள். போர்க்களம் போய்விட்டது, வீடும் வேலையும் உறவும் திரும்பி வந்தன, பலருக்கு அதுவே போதுமாக இருந்தது. பழக்கம் பிடித்த அதே தெருவுக்கு, அதே வேலையின்மைக்கு, அதே தனிமைக்குத் திரும்புகிறவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. கொள்கை வகுப்பவர்கள் மறக்கக் கூடாத விஷயம் இது. குடியிருக்க இடமும் செய்ய வேலையும்கூடச் சிகிச்சையின் பகுதிதான்.

மாற்று மருந்து என்றால் என்ன?

1960களின் நடுவில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் மெத்தடோன் என்ற மருந்தைக் கடும் ஹெராயின் பழக்கம் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மெத்தடோனும் அதே நாற்காலிகளில்தான் உட்காரும். ஆனால் மெதுவாக வந்து உட்கார்ந்து, ஒரு நாள் முழுக்க எழுந்திருக்காது. ஹெராயின் சில மணி நேரத்தில் ஆளை உச்சத்துக்கு ஏற்றி, பள்ளத்தில் தள்ளி, அடுத்த பொட்டலத்தைத் தேடி ஓட வைக்கும். மெத்தடோனில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. காலையில் ஒரு தடவை வாய்வழியாகக் குடித்தால் போதும். அன்றைக்கு முழுவதும் என்ன செய்வது என்ற கேள்வி அவருக்குப் பல வருடங்களில் முதல்முறையாக வருகிறது. சிலர் படிக்கப் போனார்கள், சிலர் வேலைக்குப் போனார்கள்.

பியூப்ரினார்பின் இன்னொன்று. இது நாற்காலியில் அரைகுறையாக உட்காரும். எவ்வளவு கூடுதலாக எடுத்தாலும் ஓர் அளவுக்கு மேல் விளைவு ஏறாது. அதனால் மூச்சை நிறுத்தும் ஆபத்து மிகவும் குறைவு. 1995இல் பிரான்ஸ் இதைச் சிறப்பு மையங்களோடு நிறுத்தாமல் சாதாரணக் குடும்ப மருத்துவர்களே எழுதித் தர அனுமதித்தது. நான்கு ஆண்டுகளில் அங்கே ஹெராயின் மிகை அளவுச் சாவுகள் சுமார் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. சிலர் அந்த மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினார்கள், வெளியில் விற்றவர்களும் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிரான்ஸ் செய்தது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் இந்த இரண்டு மருந்துகளையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

மூன்றாவது, நலாக்ஸோன். இது சிகிச்சை அல்ல, முதலுதவி. ஊசியாகவோ மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவோ கொடுத்தால், இரண்டு மூன்று நிமிடத்தில் ஹெராயினை நாற்காலியிலிருந்து தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். நீலம் பாரித்துக் கிடந்தவர் மூச்சை இழுத்துக்கொண்டு எழுவார். ஆனால் இதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரைதான். ஹெராயின் இன்னும் உடம்பில் மிச்சமிருந்தால் மூச்சு மறுபடியும் அடங்கலாம். அதனால் கண் விழித்துவிட்டார் என்று தனியே விடக் கூடாது, ஆம்புலன்ஸை அழைத்தே ஆக வேண்டும்.

மாற்று மருந்தின் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டு ஒன்றுதான்: ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொரு போதையைக் கொடுக்கிறீர்கள். உடம்பு இந்த மருந்தையும் சார்ந்துதான் இருக்கிறது, உண்மை. திடீரென்று நிறுத்தினால் அதற்கும் விலகல் அறிகுறிகள் வரும். ஆனால் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைத் திருடி, கழிப்பறையில் பழைய ஊசியைக் குத்திக்கொள்ளும் வாழ்க்கையையும், மருந்தகத்தில் கையெழுத்துப் போட்டு அளந்து கொடுத்த மருந்தைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகும் வாழ்க்கையையும் ஒன்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எத்தனை மாதத்தில் இந்த மருந்தையும் நிறுத்துவீர்கள் என்று உறவினர்கள் நச்சரிப்பது வழக்கம். அவசரப்பட்டு நிறுத்துபவர்களில் பலர் பழைய பழக்கத்துக்கே திரும்புகிறார்கள். சிலருக்கு இது பல வருட மருந்து, சிலருக்கு வாழ்நாள் மருந்து.

ஊசியைப் பிடுங்கினால் என்ன ஆகும்?

1980களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஹெராயின் பரவியது. காவல்துறை கடுமை காட்டியது. ஊசி கையில் இருந்தாலே பறித்துக்கொண்டார்கள், மருந்துக் கடைகள் ஊசி விற்பதை நிறுத்தின. பழக்கம் நிற்கவில்லை. இருந்த சில ஊசிகள் கைமாறிக் கைமாறிச் சுற்றின. அந்த நேரம் பார்த்து எச்ஐவி நகருக்குள் நுழைந்தது. ஒரு மருத்துவர் தம்மிடம் வந்த ஊசிப் பழக்கக்காரர்களின் இரத்தத்தைப் பரிசோதித்து 1986இல் வெளியிட்டபோது, ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கிருமி இருந்தது. அதன் பிறகுதான் அந்த நகரம் சுத்தமான ஊசி வழங்குவதற்கும் மாற்று மருந்துக்கும் திரும்பியது.

சுத்தமான ஊசி கொடுப்பது, பாதுகாப்பான இடத்தில் செவிலியர் கண்காணிப்பில் ஊசி போட்டுக்கொள்ள விடுவது, நலாக்ஸோனைக் குடும்பத்தார் கையிலேயே கொடுத்துவைப்பது, இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் தீங்கு குறைப்பு. பழக்கத்தை இன்றைக்கே நிறுத்த முடியாதவர், நிறுத்தும் நாள் வரை உயிரோடும் கிருமி தொற்றாமலும் இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். இப்படிச் செய்தால் பழக்கத்துக்கு ஊக்கம் கொடுத்ததாகிவிடாதா என்று கேட்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் சுத்தமான ஊசி கிடைக்கிறதே என்று யாரும் ஹெராயினைத் தொடங்குவதில்லை. ஊசி வாங்க வருகிறவர்தான் ஒருநாள் அதே மேசையில் ‘மருந்து கிடைக்குமா?’ என்று கேட்கிறார்.

சட்டத்தில் குழம்பிப்போகும் இடம்

குற்றநீக்கம், சட்டபூர்வமாக்கல் என்ற இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு சண்டை போடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். குற்றநீக்கம் என்றால் சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிதளவு வைத்திருப்பவர் மேல் குற்ற வழக்கு இல்லை என்பது மட்டும்தான். விற்பவருக்குத் தண்டனை அப்படியே இருக்கும், பொருளும் தடை செய்யப்பட்டதாகவே இருக்கும். சட்டபூர்வமாக்கல் என்றால் கடையில் வாங்கலாம் என்று பொருள். ஹெராயினைக் கடையில் விற்கலாம் என்று இன்று எந்த நாடும் அனுமதிக்கவில்லை. மருத்துவர் மேற்பார்வையில் ஹெராயினையே மருந்தாகக் கொடுப்பது இவை இரண்டிலும் சேராத மூன்றாவது வழி.

குற்றநீக்கத்துக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் போர்ச்சுக்கல். 1990களின் இறுதியில் அந்த நாட்டு மக்களில் நூற்றுக்கு ஒருவர் ஹெராயின் பழக்கத்தில் இருந்ததாக மதிப்பிட்டார்கள். அமைச்சர் வீட்டிலும் கூலித் தொழிலாளி வீட்டிலும் ஒரே துயரம். 2001 ஜூலையில் புதிய சட்டம் அமலுக்கு வந்தது. பத்து நாள் பயன்பாட்டுக்கு மேற்படாத அளவு வைத்திருந்தால் குற்றமில்லை. ஹெராயினுக்கு அது ஒரு கிராம். ஆனால் சும்மா விட்டுவிடுவதும் இல்லை. காவலர் பொருளைப் பறிமுதல் செய்துவிட்டு, 72 மணி நேரத்துக்குள் ஒரு குழுவின் முன்னால் போகச் சொல்வார். அங்கே நீதிபதி கிடையாது, கூண்டு கிடையாது. சாதாரண அலுவலக அறையில் ஒரு மேசை, சட்டம் தெரிந்தவர், மருத்துவமோ உளவியலோ தெரிந்தவர், சமூகப் பணியாளர் என மூன்று பேர். எவ்வளவு நாளாக, எவ்வளவு அடிக்கடி, வீட்டில் யார் இருக்கிறார்கள், வேலை உண்டா என்று கேட்பார்கள். எப்போதாவது எடுப்பவர் என்றால் எச்சரித்து அனுப்புவார்கள். அடிமையாகிவிட்டவர் என்றால் சிகிச்சைக்கு வழிகாட்டுவார்கள், அந்தச் சிகிச்சையும் உண்மையிலேயே காத்திருக்கும். ஊசி வழியாகப் புதிதாக எச்ஐவி தொற்றியவர்கள் 2001இல் ஆண்டுக்கு ஆயிரம் அளவில் இருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது நூறுக்கும் கீழே வந்தது.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் போர்ச்சுக்கலைப் பார்த்துத்தான் 2020இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, 2021 பிப்ரவரியில் குற்றநீக்கம் செய்தது. அங்கே குழு இல்லை, மேசை இல்லை. காவலர் நூறு டாலர் அபராதச் சீட்டு கொடுப்பார். ஒரு தொலைபேசி எண்ணை அழைத்து உடல்நல விசாரணைக்கு ஒப்புக்கொண்டால் அதுவும் ரத்து. பெரும்பாலானவர்கள் அழைக்கவே இல்லை. சிகிச்சை மையங்களுக்கு ஒதுக்கிய பணம் போய்ச் சேரவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதே சமயத்தில், ஆய்வகத்தில் தயாராகும் ஃபெண்டனில் என்ற ஹெராயின் போன்ற பொருள் அந்த மாநிலத்துக்குள் வந்து சாவுகள் ஏறின. சாவுகளுக்குச் சட்டம்தான் காரணமா, ஃபெண்டனில்தான் காரணமா என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. தெருக்களில் பகிரங்கமாக எடுப்பவர்களைப் பார்த்து மக்கள் பொறுமை இழந்தார்கள். 2024 செப்டம்பரில் வைத்திருப்பது மறுபடியும் குற்றமானது.

இதைப் பார்த்துக் குற்றநீக்கம் தோற்றுவிட்டது என்கிறார்கள். என் பார்வையில் ஒரிகன் போர்ச்சுக்கல் சட்டத்தில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. தண்டனையை எடுத்த இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை. போர்ச்சுக்கலிலேயே, 2012இல் சிக்கன நடவடிக்கைக் காலத்தில் சிகிச்சையை நடத்திவந்த தேசிய அமைப்பைப் பிரித்துப் பொறுப்பை வட்டார நிர்வாகங்களிடம் விட்டபின் சேவைகள் தளர்ந்தன. போர்ட்டோ போன்ற நகரங்களில் தெருவோர ஊசிகள் மறுபடி கண்ணில் பட ஆரம்பித்தன. சட்டம் மாறவில்லை, பணமும் ஆட்களும்தான் குறைந்தன.

சுவிட்சர்லாந்து எடுத்த வழி இன்னும் துணிச்சலானது. 1980களின் இறுதியில் சூரிக் ரயில் நிலையத்துக்குப் பின்னால் பிளாட்ஸ்பிட்ஸ் என்ற பூங்காவில் ஊசிப் பழக்கத்தைக் காவல்துறை கண்டும் காணாமல் விட்டது. ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். 1992இல் பூங்காவை மூடினார்கள், கூட்டம் பக்கத்திலிருந்த பழைய லெட்டன் ரயில் நிலையத்துக்கு நகர்ந்தது. அதை 1995இல் மூடினார்கள். இந்த முறை போக வேறு இடம் இருந்தது. 1994இலிருந்து மருத்துவமனைகளில் ஹெராயினையே மருந்தாகக் கொடுக்கும் சோதனையைத் தொடங்கியிருந்தார்கள்.

இந்த மையங்களில் யார் வேண்டுமானாலும் நுழைய முடியாது. வேறு சிகிச்சைகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தோற்றிருக்க வேண்டும், பல வருடப் பழக்கமாக இருக்க வேண்டும். நாளுக்கு இரண்டு மூன்று முறை வருவார்கள். மது அருந்தியிருக்கிறாரா, தள்ளாடுகிறாரா என்று செவிலியர் முதலில் பார்ப்பார். பெயரெழுதிய சிரிஞ்சில் அளந்த மருந்து, சுத்தமான மேசை, பஞ்சு, கட்டுத்துணி. அவரே போட்டுக்கொள்வார், செவிலியர் கண்ணெதிரே. கொஞ்ச நேரம் உட்கார வைத்து, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவார்கள். பொட்டலத்துக்குள் என்ன கலந்திருக்கிறது என்ற பயம் இல்லை, பணத்துக்குத் திருட வேண்டிய அவசியமும் இல்லை. இந்த நோயாளிகள் செய்த திருட்டுகள் வெகுவாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டின. செலவு அதிகம்தான். மாற்று மருந்து எடுப்பவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டுமே இது தரப்படுகிறது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

2008 நவம்பர் 30 அன்று இதை நிரந்தரச் சட்டமாக்கலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். 68 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அதே நாளில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் யோசனையை 63 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். போதையை ஆதரிப்பவர்கள் அளித்த வாக்கு அல்ல அது. பூங்காவில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள், எது வேலை செய்கிறது என்று பார்த்து அளித்த வாக்கு. அந்தக் கொள்கையிலும் காவல்துறைக்கு இடம் உண்டு. தடுப்பு, சிகிச்சை, தீங்கு குறைப்பு, சட்ட அமலாக்கம் என்று நான்கு தூண்களை வைத்துத்தான் அவர்கள் பேசினார்கள். தெருவை மக்களுக்குத் திருப்பிக் கொடுக்காமல் நோயாளிகளுக்கு ஆதரவு கேட்க முடியாது என்பதை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள். சீர்திருத்தம் கேட்கும் பலர் இதைப் புரிந்துகொள்ள மறுக்கிறார்கள்.

இனி வரவைப் பற்றி. பொருளே வராமல் தடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. 2022 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானில் தாலிபான்கள் அபினிச் சாகுபடியைத் தடை செய்தார்கள். ஐநாவின் கணக்குப்படி 2023இல் சாகுபடிப் பரப்பு 95 சதவீதம் குறைந்தது. அதுவரை உலக ஹெராயினின் மிகப் பெரிய ஊற்றாக இருந்த நாடு அது. ஆனால் அமெரிக்காவில் முன்பே நடந்தது என்ன? அங்கே ஹெராயினின் இடத்தை ஃபெண்டனில் பிடித்துக்கொண்டது. வயல் வேண்டாம், மழை வேண்டாம், ஆய்வகம் போதும். ஹெராயினைவிட சுமார் ஐம்பது மடங்கு வீரியம், அதனால் கடத்துவதும் எளிது. 2021 முதல் 2023 வரை அங்கே எல்லா வகைப் போதைப்பொருட்களாலும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மிகை அளவில் இறந்தார்கள். அவற்றில் பெரும்பகுதி ஃபெண்டனில் வகையால். ஐரோப்பாவில் இப்போது நைட்டசீன் என்ற இன்னொரு செயற்கை வகை தலைகாட்டியிருக்கிறது.

ஹெராயின் தட்டுப்பாடு வந்ததும் அதைச் சார்ந்திருப்பவர் அடுத்த நாள் காலையில் எழுந்து எங்கே போவார் என்பதுதான் இப்போதைய அவசரக் கேள்வி. மருந்தகத்தில் மெத்தடோன் தயாராக இருந்தால் அங்கே போவார். வரிசையில் பெயர் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திரு என்றால், தெருமுனையில் கிடைக்கும் ஏதோ ஒரு பொடியை வாங்குவார். அதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது. சேமிப்பில் இருக்கும் பழைய ஹெராயின் தீர்ந்துபோவதற்குள் சிகிச்சை இடங்களைக் கூட்ட வேண்டும், காத்திருப்புப் பட்டியலைக் குறைக்க வேண்டும், சிறைகளுக்குள்ளேயே மாற்று மருந்தைத் தொடங்க வேண்டும். இதற்கெல்லாம் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. பல நாடுகளில் மருந்துக்கு ஏற்கெனவே அனுமதி இருக்கிறது, பட்ஜெட்டில் பணம் ஒதுக்குவதுதான் பாக்கி.